உடலின் மூவகைத் தசைகள்

கல்முனைக் கடற்கரையில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் கரைவலை இழுப்போர் ஒன்றுகூடுவர். தோணி கடலிற் சென்று வலையை அரைவட்டமாக இட்டு மீளும். வலையின் இரு தலைப்பிலும் கட்டிய நீண்ட கயிறுகளை இரண்டு அணியினர் பற்றிக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு இசையப் பின்னோக்கி இழுப்பர். மீன் நிறைந்த மடி கரையை அடையும்வரை அவ்வுழைப்பு ஓயாது.

இக்காட்சியிற் கண்ணுக்குப் புலனாவது கையும் காலும் முதுகும் செய்யும் உழைப்பேயாகும். ஆயின் அதே வேளையில் அம்மனிதரின் உடலினுள்ளே வேறு இரு உழைப்புகளும் நிகழ்கின்றன. நெஞ்சினுள் இதயம் தன் துடிப்பை மிகுவித்துக் குருதியைச் செலுத்துகிறது. குருதிக்குழாய்களின் சுவர்கள் குடற்பக்கம் ஒடுங்கியும் கைகால்களின் பக்கம் விரிந்தும் அக்குருதியைத் தேவைப்படும் இடத்துக்குத் திருப்பிவிடுகின்றன. கயிற்றை இழுப்பதும் தசை. குருதியைச் செலுத்துவதும் தசை. குழாயை ஒடுக்குவதும் தசை. எனினும் இம்மூன்றும் ஓரினத் தசைகள் அல்ல. இவற்றின் வேற்றுமையை அறிந்திருத்தல், நெஞ்சில் வலி தோன்றும் ஒரு நாளில் உயிர்காக்கும் அறிவாகவும் அமையக்கூடும்.

மூவகைத் தசைகளையும் ஒருங்கே காண விரும்புவோர் ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஓர் இறைச்சிக்கடையே போதும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சியைப் பங்கிடும் வீட்டு முற்றத்திலும் இவற்றைக் காணலாம். தொடையிலிருந்து அறுத்த இறைச்சி நார்நாராகப் பிரியும்; அதன் முனை வெண்மையான நாணாகி எலும்போடு பிணைந்திருக்கும். இதயம் அவ்வாறு நார்நாராகப் பிரிவதில்லை. அது செறிந்து இறுகிய கருஞ்சிவப்புத் துண்டாக இருக்கும். இரைப்பையும் குடலும் வெளிறிய நிறத்தன. எலும்போடு தொடர்பின்றிச் சுவராகவும் குழாயாகவும் அமைந்தவை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள இவ்வமைப்பே மனிதருக்கும் உள்ளது. இவற்றை முறையே வன்கூட்டுத்தசை, இதயத்தசை, மழமழப்பான தசை என அறிஞர் வகுத்துள்ளனர்.

வன்கூட்டுத்தசை என்பது எலும்புக்கூட்டை அசைக்கும் தசையாகும். மனித உடலில் இவ்வகைத் தசைகள் 600க்கு மேல் உள்ளன. வளர்ந்த ஆணொருவரின் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு இவையே. இவ்விழையத்தின் கலம் மிக நீண்டது. சில தசைகளிற் பல அங்குலம் நீள்வது. ஆதலால் அதனை நார் என்றே அழைப்பர். சாதாரண கலமொன்றுக்கு ஒரு கரு மட்டும் இருக்க, இந்நாரின் ஓரமெங்கும் பல கருக்கள் அமைந்திருக்கும். நுணுக்குக்காட்டியினூடே நோக்கின், நாரின் குறுக்கே வெளிறியனவும் இருண்டனவுமான வரிகள் மாறிமாறித் தோன்றும். இதனால் இது வரித்தசை எனவும் பெயர் பெறும்.

இத்தசை மனத்தின் ஏவலுக்கு அடங்கி நடப்பது. நரம்பு வழியாகக் கட்டளை வந்தாலன்றி இது சுருங்குவதில்லை. மருதமுனையில் கைத்தறி நெய்யக் கற்கும் ஒருவர், தொடக்கத்தில் எந்தக் காலால் எந்த மிதிகட்டையை மிதிப்பது, எப்போது நாடாவை ஓட்டுவது என்று ஒவ்வோர் அசைவையும் எண்ணியெண்ணிச் செய்வார். பழகிய பின்னரோ, பக்கத்திலிருப்பவரோடு உரையாடிக்கொண்டே நெய்வார். அவ்வளவு பழக்கமாகிவிட்டபோதும், நிறுத்த நினைத்த கணத்திற் கால் நின்றுவிடும். இச்சைவழி இயங்கும் தசைக்கு இதுவே அடையாளம். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உறக்கத்திலும் அது மூச்சை நடத்துகிறது. எனினும் கடலில் முக்குளிப்பவர் தாம் விரும்பியவாறு சிறிது நேரம் அதனை அடக்கிவைக்க முடிகிறது.

தசை எவ்வாறு சுருங்குகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. நாரினுள் இருக்கும் இழைகள் மடிந்தோ சுருண்டோ குறுகுகின்றன என எண்ணியோர் பலர். 1954ஆம் ஆண்டில் அன்றூ ஹக்ஸ்லியும் நீடர்கேயும் ஒரு புறமாகவும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறமாகவும் ஆராய்ந்து, ஏறக்குறைய ஒரே முடிவை ஒரே வேளையில் வெளியிட்டனர். இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்பதே அம்முடிவு. கரைவலையின் கயிறு இதற்கு நல்ல உவமையாகும். இழுக்கும்போது கயிறு குறுகுவதில்லை. பல கைகள் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் முன்னே சென்று பற்றுகின்றன. வலை அணுகி வருகிறது. தசையினுள் மயோசின் என்னும் தடித்த இழையிலிருந்து எண்ணற்ற சிறு தலைகள் நீண்டு, அக்டின் என்னும் மெல்லிய இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. மூவகைத் தசைகளிலும் இழுக்கும் பொறி இதுவே.

இதில் ஓர் உண்மை கருதத்தக்கது. பற்றிய தலை இழையை விடுவதற்கும் சக்தி வேண்டும். உயிர் பிரிந்தபின் அச்சக்தி வற்றிவிடுவதால், பற்றிய தலைகள் பற்றியவாறே நின்றுவிடுகின்றன. பிடித்துச் சில மணி நேரமான மீன் விறைத்திருப்பதன் காரணம் இதுவே. மீன் வாங்குவோர் அவ்விறைப்பைப் புதுமையின் அடையாளமாகக் கொள்வதும் பொருத்தமுடையதே. இறந்தவரின் தாடையைக் கட்டி, கைகால்களை உடனே நேராக்கிவிடும் முதியோரின் வழக்கமும் இவ்விறைப்பு வருமுன் செய்யும் முன்னேற்பாடாகும்.

வன்கூட்டுத்தசையிலும் உட்பிரிவு உண்டு. சூரை மீனை வெட்டுவோர், அதன் நடுவே இரு பக்கமும் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை அறிவர். பாரை போன்ற மீன்களிலோ பெரும்பகுதி வெண்சதையாக இருக்கும். சிவந்த சதை ஒட்சிசனைச் சேர்த்துவைத்து, ஓயாது நீந்துவதற்கு உதவுவது. வெண்சதை எதிரியைக் கண்டு திடீரெனப் பாய்வதற்கு உதவுவது. அது விரைவில் களைத்துவிடும். மனிதரின் தசைகளில் இவ்விருவகை நார்களும் கலந்தே உள்ளன. நிமிர்ந்து நிற்க உதவும் முதுகுத்தசைகளில் மெதுவாகச் சுருங்கிக் களைக்காத நார்கள் மிகுந்திருக்கும். கண்ணை அசைக்கும் தசைகளில் விரைவாகச் சுருங்கும் நார்கள் மிகுந்திருக்கும்.

இரண்டாவதான மழமழப்பான தசை, உள்ளுறுப்புகளின் சுவர்களில் அமைந்தது. உணவுக்குழாய், இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, குருதிக்குழாய்கள், சுவாசக்குழாய்கள் ஆகிய அனைத்திலும் இது உள்ளது. ஒளியைக் கண்டு கண்மணியை ஒடுக்குவதும், குளிரில் மயிர் சிலிர்க்கச் செய்வதும் இத்தசையே. இதன் கலம் சிறியது. நடு தடித்து இரு முனையும் கூர்ந்து, நூல் சுற்றிய கதிர்போல் இருக்கும். ஒரு கருவே அதற்கு உண்டு. உள்ளிருக்கும் இழைகள் வரிசையாக அடுக்கப்படாமையால் வரிகள் தோன்றா; அதனாலேயே மழமழப்பான தசை எனப்பட்டது.

இது மனத்தின் ஏவலைக் கேட்பதன்று. விழுங்கும் வரையே உணவு மனிதரின் அதிகாரத்தில் உள்ளது. உணவுக்குழாயைக் கடந்தபின் ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான சிறுகுடலின் வழியே அதனைத் தள்ளிச் செல்வது இத்தசையின் பொறுப்பு. நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் வயிறு வெறுமையாக இருப்பினும் இத்தசை ஓய்ந்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் இறுதிவரை ஒரு சுருக்க அலை சென்று, எஞ்சிய துணுக்குகளைத் துடைத்துச் செல்கிறது. அஸர் வேளையில் வயிறு இரைவது பெரும்பாலும் இவ்வலையின் ஓசையே. அது நோயன்று, வெறுமையான வீட்டைக் கூட்டித் துடைக்கும் வேலையெனலாம்.

மழமழப்பான தசை மெதுவாகச் சுருங்கும். ஆயின் சுருங்கிய நிலையில் நெடுநேரம் நிற்கவல்லது. அதற்குச் செலவாகும் சக்தியும் மிகக் குறைவு. குருதிக்குழாயின் சுவர் வாழ்நாள் முழுவதும் ஓரளவு இறுகியே நின்று குருதியமுக்கத்தைக் காப்பது இவ்வியல்பினாலாகும். வளர்வதிலும் இதன் ஆற்றல் பெரிது. சாதாரண நிலையில் 60 கிராம் அளவுடைய கருப்பை, பிள்ளைப்பேற்றுக் காலத்தில் ஏறக்குறைய 1 கிலோகிராம் ஆகிவிடுகிறது. பிள்ளை பிறந்தபின் ஆறு வாரத்தளவில், அதாவது தாய்மார் ஓய்ந்திருக்கும் நாற்பது நாளையொட்டி, அது மீண்டும் சுருங்கிப் பழைய அளவை நெருங்குகிறது. தாய் பாலூட்டும்போது சுரக்கும் ஒட்சிற்றோசின் அச்சுருக்கத்துக்குத் துணைசெய்கிறது. இதே இனத் தசை சுவாசக்குழாயில் அளவின்றி இறுகும்போது ஆஸ்துமா நோயாளர் மூச்சுக்குத் தவிக்கின்றனர். அவர்கள் உள்ளிழுக்கும் சல்பியூட்டமோல் மருந்து அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது.

மூன்றாவது இதயத்தசை. இது முன்கூறிய இரண்டுக்கும் இடைப்பட்டது. வன்கூட்டுத்தசைபோல் வரிகளை உடையது. மழமழப்பான தசைபோல் மனத்துக்கு அடங்காதது. இதன் கலங்கள் குறுகியவை. கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னியவை. கலமும் கலமும் சேருமிடத்தில் வலிய பொருத்துகள் உள்ளன. ஒரு கலத்திற் பிறந்த மின்கிளர்ச்சி அப்பொருத்துகளினூடே அடுத்த கலத்துக்கு உடனே பாய்கிறது. கரைவலை இழுப்போர் நூறு பேரும் ஒரே பாட்டுக்கு ஒருசேர இழுப்பதுபோல், கோடிக்கணக்கான கலங்களும் ஒன்றாக இயங்க இவ்வமைப்பே வழிசெய்கிறது.

பாட்டைத் தொடங்குபவர் யார் எனின், அதுவும் இதயத்தினுள்ளேயே உள்ளது. 1907இல் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர், இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு கணுவைக் கண்டறிந்தனர். துடிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. நரம்புகள் துடிப்பை விரைவாக்கவும் தாமதிக்கவும் கூடுமேயன்றி, துடிப்பைப் பிறப்பிப்பவை அவையல்ல. இதனாலேயே உடலிலிருந்து நீக்கிய இதயமும், வேண்டிய ஊட்டமும் ஒட்சிசனும் கிடைப்பின், தொடர்ந்து துடிக்கிறது.

இதயம் ஏறக்குறைய 300 கிராம் எடையுடையது. நிமிடத்துக்கு 70 முறையளவில், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடித்து, 7,000 லீற்றர் அளவான குருதியைச் செலுத்துகிறது. இதற்கு ஓய்வே இல்லையென்று கூறுவது வழக்கம். உண்மையில் அதற்கு ஓய்வு உண்டு. அது தவணை தவணையாகக் கிடைக்கிறது. ஒரு துடிப்புக்குரிய காலம் ஏறக்குறைய 0.8 செக்கன். அதில் 0.3 செக்கன் சுருக்கம், எஞ்சிய 0.5 செக்கன் தளர்ச்சி. சுருங்கியபின் ஒரு குறுகிய வேளை எத்தகைய தூண்டுதலுக்கும் இத்தசை செவிசாய்ப்பதில்லை. ஆகவே கெண்டைக்காலிற் பிடிப்பு வருவதுபோல் இதயம் சுருங்கியவாறே நின்றுவிடுவதில்லை. அவ்வாறு நிற்குமாயின் அடுத்த முறைக்குக் குருதி நிரம்ப இடமிராது.

இவ்வளவு உழைப்புக்கும் வேண்டிய சக்தியை அதன் கலங்களிலுள்ள இழைமணிகள் ஆக்கித்தருகின்றன. இதயத்தசைக் கலத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்களவு இழைமணிகளே. கைகாலின் தசை சிறிது நேரம் ஒட்சிசன் குறைந்தும் வேலைசெய்து, பின்னர் இளைப்பாறி அக்கடனை அடைக்கும். இதயத்தசைக்கு அவ்வாறு கடன்பட வழியில்லை. அதனை ஊட்டும் முடியுருநாடிகள் கொணரும் ஒட்சிசனில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல், அமைதியாக இருக்கும்போதே அது எடுத்துக்கொள்கிறது. உழைப்பு மிகும்போது கூடுதலான குருதி வந்தாலன்றி அதற்கு வேறு கதியில்லை. முடியுருநாடி கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருப்பின், கயிறு இழுக்கும்போதோ நெல்மூடை சுமக்கும்போதோ நெஞ்சு இறுகி வலிப்பதும், சற்று இருந்தவுடன் தணிவதும் இதனாலேயே. நாடி முற்றாக அடைபடின், ஏறக்குறைய அரை மணி நேரத்திற் கலங்கள் இறக்கத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் அவ்வழிவு பரவுகிறது.

இறந்த தசைக்குப் பதில் புதுத்தசை வளருமா என்னும் வினாவில் மூன்றுக்கும் பெரும் வேற்றுமை உண்டு. மழமழப்பான தசையின் கலங்கள் பிரிந்து பெருக வல்லன. வன்கூட்டுத்தசையின் நாரருகே துணைக்கலங்கள் காத்திருந்து, சிதைந்த நாரைச் செப்பனிடுகின்றன. பழக்கமில்லாதவர் ஒருநாள் வயலில் மண்வெட்டி பிடித்தால், மறுநாள் தோள் நோகும். நாரில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவின் விளைவு அது. சில நாளில் தானே ஆறும். இதயத்தசையோ மிகச் சிறிதே புதுப்பிக்கப்படுகிறது. 1963க்கு முன் வளிமண்டலத்தில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் மனித உடலிற் சேர்ந்த காபன்-14 என்னும் பொருளை அளந்து, 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இதனைக் கணக்கிட்டனர். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1 கலமும், 75 வயதில் நூற்றுக்கு அரைக் கலத்துக்கும் குறைவாகவுமே புதியனவாகின்றன என்று கண்டனர். மாரடைப்பில் இறந்த தசையின் இடத்திற் சுருங்கும் ஆற்றலற்ற தழும்பே உண்டாகிறது.

மூவகைத் தசைகளும் தத்தம் துன்பத்தை வெவ்வேறு மொழியில் அறிவிக்கின்றன. வன்கூட்டுத்தசையின் வலியை விரலாற் சுட்டிக்காட்டலாம். அவ்விடத்தை அமுக்கினாலோ கையை அசைத்தாலோ அது மிகும். எண்ணெய் தடவுதலும் ஒத்தடமும் அதற்கு இதந்தரும். மழமழப்பான தசையின் வலி அலையலையாக வரும். ஏறித் தணிந்து மீண்டும் ஏறும். குடல் முறுக்குவதும், சிறுநீர்க் கல் வழியடைத்து வருத்துவதும் இத்தகையன. இதயத்தசையின் வலி பெரும்பாலும் ஒரு புள்ளியில் நில்லாது. நெஞ்சின்மீது பாரம் ஏற்றியதுபோல் அழுத்தும்; இடக்கைக்கும் கழுத்துக்கும் தாடைக்கும் மேல்வயிற்றுக்கும் பரவும்; வியர்வையும் மூச்சுத் திணறலும் உடன்வரக்கூடும். நீரிழிவு நோயாளரிடத்தும் முதியோரிடத்தும் பெண்களிடத்தும் தெளிவான வலியின்றி, களைப்பாகவோ மூச்சு முட்டலாகவோ ஓங்காளமாகவோ மட்டும் அது தோன்றுவதும் உண்டு.

இங்கேதான் பிழை நேர்கிறது. கடலிலும் வயலிலும் உழைத்துப் பழகியவர், நெஞ்சு வலியைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்க்கிறார். அல்லது வாய்வு என்று எண்ணி உள்ளியும் இஞ்சியும் தேடுகிறார். விடியட்டும் என்று காத்திருக்கிறார். முதல் இரு தசைகளுக்குக் காத்திருத்தல் பொருந்தலாம், மூன்றாவதற்குப் பொருந்தாது. அதற்கு ஒவ்வொரு நிமிடமும் திரும்பி வராத தசையாகும். இலங்கை அரசினர் வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களின் காரணங்களில் இதயக் குருதியோட்டக் குறை நோய் பல ஆண்டுகளாக முன்னணியில் இருந்துவருவதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

எந்தத் தசையின் வலி என்பதை வீட்டிலிருந்து உறுதியாகத் தீர்மானிக்க இயலாது, வைத்தியசாலையில் இயலும். இதய மின்வரைபின் பொறிமுறையைக் கண்டறிந்தமைக்காக வில்லெம் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வரைபு சில நிமிடங்களிற் கிடைத்துவிடும். மற்றொரு சோதனை தசைகளின் வேற்றுமையையே துணையாகக் கொண்டது. யப்பானிய அறிஞர் செற்சுறோ எபாசி 1960களில் துரோப்பொனின் என்னும் புரதத்தைத் தசையிற் கண்டறிந்தார். மழமழப்பான தசையில் அது இல்லை. வன்கூட்டுத்தசையிலும் இதயத்தசையிலும் உண்டு. எனினும் இதயத்துக்குரிய வகையின் அமைப்பு வேறு. ஆகவே குருதியில் இதயவகைத் துரோப்பொனின் ஏறிவருமாயின், சிதைந்தது தோள் தசையன்று, இதயத்தசையே என்று மருத்துவர் அறிகின்றனர்.

கல்முனைக் கரையோரத்தில் இவ்வுதவி தொலைவில் இல்லை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்பின் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். நெஞ்சு வலி தோன்றியவர் வேலையை நிறுத்தி அமர்ந்துகொள்ளுதலும், தாமே வண்டியோட்டிச் செல்லாதிருத்தலும், பிறர் உடனே உதவிக்கு அழைத்தலும் செய்யத்தக்கவை. அது வாய்வாகவே முடிந்தாலும் இழப்பு ஓரிரு மணி நேரம் மட்டுமே.

கரைவலையில் ஒருவர் களைத்தால் அடுத்தவர் அவர் கயிற்றை வாங்கிக்கொள்கிறார். கைகாலின் தசையிலும் ஒரு நார் ஓய, மறுநார் உழைக்கிறது. இதயத்தின் கயிற்றை வாங்கிக்கொள்ள வேறொருவர் இல்லை. அதன் வலியை மற்றைத் தசைகளின் வலியோடு ஒன்றாக எண்ணாதிருத்தலே அதற்குச் செய்யத்தக்க முதல் உதவியாகும்.